படிக்கிறாளா, பார்க்கிறாளா?

மரக்காணத்து உப்பள வரப்பில் உட்கார்ந்துகொண்டு சிறுபாணாற்றுப்படையைப் படிக்க வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஓர் ஆசை. அசட்டு ஆசைதான். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த மாதிரி அசட்டு ஆசைகள் இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது.

ஆசைக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். அப்படி அமைந்த பாட்டு அது. நல்லூர் நத்தத்தனார் பாடியது, 269 அடி. வழியில் கடற்கரையில் எயிற்பட்டினம் என்று ஓர் ஊர் வருகிறது. அங்கே போனால் நெய்தல் நிலத்து மக்கள் பழைய கள்ளும் சுட்ட மீனும் கொடுத்து உபசரிப்பார்கள் என்கிறான் அந்தப் பாணன். அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. நல்லியக்கோடனின் கிடங்கில் கோட்டை இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. ஆகவே பாட்டு நடக்கிற இடத்திலேயே பாட்டைப் படிப்பது என்று கிளம்பிவிட்டேன்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிரயாணம். மாசி மாதம். காலை பத்து மணிக்கே வெயில் சுரீரென்றது. சாலையோரம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர். வரப்புகளில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். வானத்திலிருந்து வருகிற வெயில் பாதி, தரையிலிருந்து திரும்பி வருகிற வெயில் பாதி. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பேசினார்கள். பழக்கத்தினால் முகமே அப்படி ஆகிவிட்டிருந்தது.

வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்து செல்போனை எடுத்தேன். சங்க நூல் முழுவதும் அதற்குள் இருக்கிறது. 1998-ஆம் வருஷம் பொங்கல் தினத்தில் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' என்ற முயற்சியின் புண்ணியத்தில், உலகத்தில் பல மூலைகளிலுள்ள தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் திரையில் எனக்குத் தெரிந்தது சங்க நூல் அல்ல, கண்ணைச் சுருக்கிய என் முகம். வெளிச்சத்தைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். சூரியனோடு போட்டி போட்டு ஜெயித்த விளக்கு உலகத்தில் உண்டா?

பையில் பழைய அச்சுப் பதிப்பு ஒன்றும் இருந்தது. பிரித்தேன். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது; தன்மேல் விழுவதைத்தான் திருப்பித் தருகிறது. வெயில் ஏற ஏற அதுவும் பிரகாசிக்கிறது. இரண்டு பக்கம் படிப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது வேறு விஷயம்.

நிழலுக்காக ஓலைக் கொட்டகைக்குப் போனேன். அங்கே நிலைமை தலைகீழ். இருட்டு. என் புத்தகம் அங்கே உதவவில்லை. ஆனால் மூலையில் ஒரு பெண் செல்போனில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் மட்டும் நீல வெளிச்சம். பக்கத்தில் அவள் பாட்டி, வேலைக்கு நடுவே கூழ் குடிக்க வந்தவள், காலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பத்தாவது படிக்குது சார். கொரானா வந்துதே, அப்பப் பள்ளிக்கூடத்த மூடிட்டு பாடத்தையெல்லாம் இதுலதான் அனுப்புனாங்க. அப்பப் புடிச்சது. இன்னும் வுடல" என்றாள்.

"படிக்கட்டுமே அம்மா" என்றேன்.

"அதத்தான் கேக்குறேன். எனக்கு எழுத்து தெரியாது. நீங்க படிச்சவங்க மாதிரி இருக்குறீங்க, சொல்லுங்க. இது படிக்குதா, சும்மா பாத்துகினு இருக்குதா?"

"படிக்கிறேன் ஆயா!" என்றாள் பெண், தலை நிமிராமல்.

எனக்குப் பதில் தெரியவில்லை. என்னவோ சிரித்து மழுப்பிவிட்டுப் பஸ் ஏறினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பஸ் ஏறி ஊர் வரைக்கும் வந்துவிட்டது. படிப்பதற்கும் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம்? எழுத்தின்மேல் கண் ஓடினால் படித்ததாகுமா? இது நேற்றுப் பிறந்த கேள்வி அல்ல. ஓலைக் காலத்திலிருந்து வருகிற கேள்வி. ஆகவே ஓலையிலிருந்தே தொடங்குகிறேன்.

சிறுபாணாற்றுப்படை நம் கைக்கு வந்தது 1889-ல். அந்த வருஷம்தான் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு முழுவதையும் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டார். அதற்கு முன்பு அது பனையோலையில் கிடந்தது. பனைமரத்துக்கு நம் கடற்கரையில் பஞ்சமில்லை. ஓலையைப் பக்குவப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, கீறலில் மையைத் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும். எழுதுவது சிரமம், படிப்பது அதைவிடச் சிரமம்.

ஏன் என்று கேட்கிறீர்களா? ஓலையில் புள்ளி வைப்பதில்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வித்தியாசம் காட்டுவதில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே கோடுதான். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் கிடையாது. பின்வரும் எழுத்துகளைப் பாருங்கள்:

பெரயசெரனனரன

என்ன புரிகிறது? 'பொய் சொன்னான்' என்பதை ஓலைக்காரர் எழுதினால் இப்படித்தான் இருக்கும். கொடுப்பதற்கும் கோடு போடுவதற்கும் ஓலையில் ஒரே எழுத்துகள்தான்: 'கெரடு'. எது கொடு, எது கோடு என்பதைப் படிக்கிறவர் தம் புத்தியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கஷ்டம் ஓலைக்கு மட்டும் உரியதல்ல. மரக்காணம் பூமீசுவரர் கோயில் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அங்கேயும் எழுத்துகள் இடைவெளியில்லாமல், திருவிழாக் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

இப்படிப்பட்ட எழுத்தைச் சும்மா பார்த்தால் ஒன்றும் ஆகாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாக்கு இரண்டு மூன்று விதமாகப் புரட்டிப் பார்க்கும். காது 'இதுதான்' என்று தீர்ப்புச் சொல்லும். அந்தக் காலத்துப் படிப்பில் கண்ணுக்குப் பாதி வேலைதான். மேல்நாட்டிலும் இதே கதை. ரோமர்கள் லத்தீனை இடைவெளியில்லாமல் எழுதினார்கள்; வாய்விட்டுப் படித்தார்கள். ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள், தங்கள் தாய்மொழியல்லாத லத்தீனைப் படிக்கத் திண்டாடி, சொற்களைப் பிரித்து எழுதத் தொடங்கினார்கள். அந்தச் சின்ன இடைவெளிதான் ஐரோப்பாவில் மனத்துக்குள் படிக்கும் பழக்கத்துக்கு வழிவிட்டது என்று பால் சேங்கர் என்ற ஆராய்ச்சியாளர் 1997-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

நம் பக்கத்தில் படிப்பு என்பது வெகு காலம் கூட்டமாகச் செய்கிற காரியமாகவே இருந்தது. திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதம் படித்தாக வேண்டும். ஒருவர் வில்லிபாரதத்துப் பாட்டைப் படிப்பார். பிறகு நிறுத்தி, அர்த்தம் சொல்வார். ஊர் உட்கார்ந்து கேட்கும். எழுத்தே அறியாதவர்களும் பாரதத்தை அறிந்திருந்தார்கள். படித்தவர் ஒருவர், படிப்பு நூறு பேருக்கு.

இந்த ஏற்பாட்டை அச்சு மாற்றியது. ஆனால் ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578-ல். இதே சோழமண்டலக் கரையில் தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரிமார்களின் அச்சுக்கூடம் ஏற்பட்டது 1713 வாக்கில். எகர ஏகார வேறுபாட்டை எழுத்திலே காட்டும் முறை, பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரின் பெயரால் வழங்குகிறது. 1835-ல் நம்மவர்களும் தாராளமாக அச்சுக்கூடம் வைக்க வழி பிறந்தது. புள்ளியும் இடைவெளியும் நிறுத்தக்குறிகளும் சிறிது சிறிதாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. முன்பு படிக்கிறவர் செய்துகொண்டிருந்த வேலையில் பாதியை அச்சுக்கோப்பவர் எடுத்துக்கொண்டார். நாக்குக்கு ஓய்வு கிடைத்தது. கண் தனியாகவே ஓடக் கற்றுக்கொண்டது.

அப்படித் தனியாக ஓடுகிற கண்ணுக்குத் தீனியும் வந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது 1879-ல். தமிழின் முதல் நாவல். நாவலை ஊர்கூடிக் கேட்பதைவிட, ஒருவர் ஒரு மூலையில் உட்கார்ந்து, தமக்குள்ளே சிரித்துக்கொண்டு படிப்பதுதான் சுகம். என் போன்றவர்களின் பிழைப்பு அந்த மௌனத்திலிருந்துதான் ஆரம்பமாகிறது.

அதே 1879-ஆம் வருஷம், நாவல் எதையும் கருதாமல், பாரிஸ் நகரத்தில் எமில் ழவால் என்ற கண் மருத்துவர் ஓர் அதிசயத்தைத் தெரிவித்தார். அதுவரை கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போகிறது என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அப்படி இல்லை, கண் தத்துகிறது, நிற்கிறது, மறுபடி தத்துகிறது என்பது அவருடைய ஆய்வுக்கூடத்தில் தெரிய வந்தது. எவால்ட் ஹெரிங் என்பவரும் அதே வருஷம் இதையே கண்டறிந்தார். இருபது வருஷத்துக்குப் பிறகு அமெரிக்காவில் எட்மண்ட் ஹியூயி என்பவர் ஒரு பயங்கரமான காரியம் செய்தார். மரத்துப்போக மருந்திட்ட கண்ணின்மேல் சுண்ணச் சாந்தில் செய்த சிறு கிண்ணத்தைப் பொருத்தி, அதில் ஒரு கம்பியை இணைத்து, புகைக்கரி பூசிய உருளையில் அது கோடு கிழிக்கும்படி ஏற்பாடு செய்தார். மையிட்ட ஓலையைக் கண் படித்தது போய், கரியிட்ட உருளையில் கண்ணே எழுதத் தொடங்கியது! கோடு படிக்கட்டு மாதிரி விழுந்தது. தத்தல், நிற்றல், தத்தல்.

காரணத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இந்த வரியில் ஏதாவது ஒரு சொல்லின்மேல் பார்வையை நிறுத்துங்கள். கண்ணை அசைக்காமல், நாலு சொல் தள்ளியிருப்பதைப் படியுங்கள். முடிகிறதா? நம் விழித்திரையில் நுணுக்கமாகப் பார்க்கும் இடம் மிகச் சிறியது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டை விரல் மறைக்கிற அளவுதான் துல்லியமாகத் தெரியும். ஆகவே கண் வினாடிக்கு மூன்று நான்கு தடவை தத்தித் தத்தி அந்தச் சிறிய ஜன்னலை நகர்த்துகிறது. ஒவ்வோர் இடத்திலும் கால் வினாடி நிற்கிறது. நிற்கும்போதுதான் படிக்கிறது. தத்தும்போது பார்ப்பதை மூளை தள்ளிவிடுகிறது. பத்துத் தத்தலில் ஒன்று பின்பக்கம் போகிறது. படித்ததையே மறுபடி பார்க்க. இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம் படிக்கிறவர்களைச் சோதித்து எடுத்தது. தத்தி நிற்கும் வழக்கம் எல்லா மொழிக்கும் பொது.

ழவாலைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. கண் எப்படிப் படிக்கிறது என்று உலகத்துக்குச் சொன்ன அந்த மனிதர், கண் நோயால் 1900 வாக்கில் முழுக் குருடாகிவிட்டார். அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. படிப்பதையும் எழுதுவதையும் பற்றிய தம் பெரிய நூலை 1905-ல் வெளியிட்டார்.

கண் நிற்கிறது, சரி. நின்று என்ன செய்கிறது? இதற்கும் பாரிஸ்தான் பதில் சொன்னது. 1887-ல் ஓய்வுபெற்ற துணி வியாபாரி ஒருவர், ஒரு நாள் புத்தகத்தைப் பிரித்தால் ஒரு சொல்லையும் படிக்க முடியவில்லை. கண் நன்றாகத் தெரிகிறது. பேசுகிறார். எண்களைப் படித்துக் கணக்குப் போடுகிறார். பிழையில்லாமல் எழுதவும் எழுதுகிறார். தாம் எழுதியதைத் தாமே படிக்க முடியவில்லை! எழுத்தைக் கண் எதிரே கோலம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். விரலால் எழுத்தின் மேலே வரைந்து பார்த்தால் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக அடையாளம் தெரிந்தது. தெழெரின் என்ற டாக்டர் அவரைக் கவனித்து வந்தார். 1892-ல் அவர் இறந்த பிறகு மூளையைச் சோதித்ததில், இடது பக்கத்தின் பின்பகுதியில் சேதம் இருந்தது. நூறு வருஷத்துக்குப் பிறகு ஸ்தனிஸ்லாஸ் தெஹேன், லோரான் கோஹன் முதலியோர், உயிரோடிருக்கிறவர்களின் மூளையைக் கருவியால் படம் பிடித்து, சொல்லின் உருவத்தை அடையாளம் காண்கிற ஒரு சின்ன இடம் அங்கே இருப்பதைக் காட்டினார்கள்.

அந்த ஆயா கேட்டாளே, 'படிக்குதா, பாத்துகினு இருக்குதா' என்று, அது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. பார்ப்பது வேறு, படிப்பது வேறு என்பதற்கு அந்தத் துணி வியாபாரியே சாட்சி.

இதில் இன்னும் வேடிக்கை என்னவென்றால், அந்த இடம் படிப்பதற்காக உண்டானது அல்ல. எழுத்துக்கு வயது சுமார் ஐயாயிரம் வருஷம். மூளைக்கு அதைப்போல் பல மடங்கு. முகங்களையும் பொருள்களையும் இனம் காண்பதற்கு இருந்த இடத்தைத்தான், எழுத்துக் கற்கும்போது நாம் இரவல் வாங்கிக்கொள்கிறோம் என்பது தெஹேனின் கொள்கை. சிறு வயதில்தான் இரவல் கிடைக்கும் என்பதில்லை. லக்னோவுக்கு அருகே கிராமங்களில், எழுத்தறியாத பெரியவர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆறு மாதம் இந்தி எழுத்துக் கற்ற பிறகு அவர்கள் மூளையின் ஆழத்திலேயே மாறுதல் தெரிந்ததென்று 2017-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

துணி வியாபாரியின் விரலை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தானே படித்தார்கள்? சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரி அதைப் பார்த்து அதிசயித்து, தம் பள்ளியிலும் கைக்கொண்டு, 1797-ல் லண்டனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. கண், நாக்கு, காது, விரல் நாலும் சேர்ந்து படித்த காலம் அது.

இனிமேல் திரைக்கு வருவோம். கம்ப்யூட்டர்த் திரை வந்த புதிதில், 1980-களின் தொடக்கத்தில், அதில் படிப்பவர்கள் காகிதத்தில் படிப்பவர்களைவிடச் சுமார் கால் பங்கு மெதுவாகப் படித்தார்கள். குற்றவாளி கண்ணா, மூளையா என்று சர்ச்சை நடந்தது. ஐ.பி.எம். கம்பெனியில் கூல்ட் என்பவரும் கூட்டாளிகளும் 1987-ல் அதைத் தீர்த்துவைத்தார்கள். எழுத்தைக் காகிதத்தில் இருப்பது போலத் தெளிவாகக் காட்டினால் திரையிலும் அதே வேகத்தில் படிக்கலாம் என்று கண்டார்கள். மங்கலான எழுத்துதான் குற்றவாளி. இன்றைய செல்போன் எழுத்தில் மங்கல் என்ற பேச்சே இல்லை.

கண் உலர்ந்துபோகிறதே என்பீர்கள். உண்மை. ஜப்பானிய டாக்டர்கள் 1993-ல் எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்குச் சராசரி 22 தடவை இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது 7. ஆனால் புத்தகம் படிக்கும்போதும் 10-தான்! புத்தகமும் பரம சாது இல்லை.

அப்படியானால் வித்தியாசமே கிடையாதா? இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்குமேல் சம்பந்தப்பட்டவற்றை, ஸ்பெயினைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலர் இஸ்ரேல் ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து ஒன்றுகூட்டிப் பார்த்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பாடம், தகவல் போன்றவற்றைப் படித்தால், காகிதத்தில் படித்தவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகப் புரிந்திருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விடாமல் தொடர்கிற வித்தியாசம். அவசரமாகப் படிக்கச் சொன்னால் அது அதிகமாயிற்று. கதை படிப்பதில் வித்தியாசம் காணவில்லை. (கதை எழுதுகிறவனுக்கு இதைப் படித்ததும் ஒரு திருப்தி!) எல்லோரையும் திடுக்கிட வைத்தது இன்னொரு விஷயம். ஜனங்களுக்குத் திரை பழகப் பழக இந்த இடைவெளி குறைந்திருக்க வேண்டும் அல்லவா? வருஷம் ஏற ஏற அதுவும் ஏறியிருந்தது.

அதற்கு முன்பே, 2011-ல், இஸ்ரேலில் நடந்த ஒரு சோதனை இதற்கு ஒரு சாவி கொடுத்திருக்கிறது. தாங்களே நேரத்தை வகுத்துக்கொண்டு படிக்கச் சொன்னபோது, திரையில் படித்தவர்கள் 'எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது' என்று அதிகமாக நம்பினார்கள். பரீட்சையில் குறைவாக வாங்கினார்கள். ஏமாந்தது கண் அல்ல, மனம். செல்போன் நமக்கு அவசரத்தைப் பழக்கிவிட்டது. செய்தியைத் தள்ளு, படத்தைத் தள்ளு, அடுத்தது என்ன? அந்த விரலின் அவசரம், பாடம் படிக்கும்போதும் கூடவே வந்துவிடுகிறது.

இடத்தின் சங்கதியும் உண்டு. நார்வேயைச் சேர்ந்த ஆன் மாங்கன் என்ற பெண்மணியும் பிரெஞ்சுக் கூட்டாளிகளும் ஐம்பது பேருக்கு ஒரு துப்பறியும் கதையைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குப் புத்தகம், பாதிப் பேருக்குக் கிண்டில். கதை இரு சாராருக்கும் புரிந்தது. ஆனால் எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று வரிசைப்படுத்துவதில் புத்தகக்காரர்கள் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். 2019-ல் வெளிவந்த ஆய்வு இது. புத்தகத்தில் இடது கையில் தீர்ந்த பக்கங்களின் கனமும், வலது கையில் பாக்கிப் பக்கங்களின் கனமும் தெரிகின்றன. ஓலைச்சுவடியிலும் அப்படித்தான், கயிற்றில் எத்தனை ஓலை தள்ளியாயிற்று என்று விரல் அறியும். 'அந்த வரி இடது பக்கத்தில் கீழே இருந்தது' என்று நாம் தேடிப் போவதில்லையா? திரையில் வரி வருகிறது, போகிறது. அதற்கு நிரந்தரமான விலாசம் கிடையாது.

இவ்வளவையும் திரட்டிய பிறகுதான் எனக்கு உப்பளம் மறுபடி ஞாபகம் வந்தது. பாத்திக்குப் பாய்ச்சிய தண்ணீர் உடனே உப்பாகிவிடுவதில்லை. கடல்நீரின் செறிவை மானியில் பார்த்தால் மூன்று டிகிரிதான் காட்டும். ஒரு பாத்தியில் நின்று, வெயிலில் சுண்டி, அடுத்த பாத்திக்குப் போய், அங்கேயும் நின்று, இருபத்தைந்து டிகிரிக்கு வந்தால்தான் உப்பு இறங்கும். நடுவில் அவசரப்பட்டுத் திறந்துவிட்டால், பார்ப்பதற்கு நிறையத் தண்ணீர் ஓடும். வாருவதற்கு உப்பு இராது. படிப்பிலும் கண் நிற்கும்போதுதான் காரியம் நடக்கிறது. ஓலை நம்மை நிற்க வைத்தது. நிற்காவிட்டால் 'பொய் சொன்னான்' என்பதைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. பாரதம் படிப்பவர் தாமே நிறுத்தினார். அச்சு நம்மைச் சும்மா விட்டது. நின்றாலும் சரி, ஓடினாலும் சரி என்றது. திரை 'ஓடு, ஓடு' என்கிறது. ஆனால் திரையிலும் நிற்கலாம், யாரும் தடுக்கவில்லை. நிற்பதற்கு நமக்கு ஒரு காரணம் வேண்டும்.

மழைக்கு முன்னால், உப்பளத்து வேலை முடிகிற சமயத்தில் மறுபடியும் மரக்காணம் போனேன். பாட்டியைத் தேடிப் பிடித்தேன்.

"அம்மா, அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன். உங்கள் பேத்தி படிக்கிறாளா, பார்க்கிறாளா என்று நான் சொல்ல முடியாது. நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்."

"நல்லாச் சொன்னீங்க போங்க! எழுத்து தெரியாதவ எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

"அதற்கு எழுத்துத் தெரிய வேண்டாம். பாரதம் கேட்டிருக்கிறீர்களே, போதும். போனைப் பிடுங்காதீர்கள். ராத்திரி ஒரு தரம், 'இன்னைக்கு என்னா படிச்சே, எனக்குப் புரியுறாப்புல சொல்லு' என்று கேளுங்கள். புரியாவிட்டால் விடாதீர்கள். படித்திருந்தால் சொல்வாள். பார்த்துக்கொண்டிருந்திருந்தால் விழிப்பாள். நாளைக்கு ஆயா கேட்பாள் என்று தெரிந்தால், படிக்கும்போதே கொஞ்சம் நின்று படிப்பாள்."

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தான் என்று நினைத்திருக்க வேண்டும்.

என் அச்சுப் பதிப்பை அந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிட்டேன். உரையோடு கூடியது. கொற்கையைச் சொல்லும் இடத்தில் அடையாளத்துக்கு ஒரு பனையோலைக் கீற்று வைத்திருந்தேன். வெளியே வெயில் தணிந்திருந்தது; கொட்டகை வாசலில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டு படித்தாள். நான் பேசாமல் இருந்தேன். பாட்டிதான் ஆரம்பித்தாள்:

"என்னா போட்டிருக்குது, சொல்லு பாக்கலாம்."

"உப்பு விக்கிறவங்க வண்டியோட ஒரு குரங்கு வருது ஆயா. அது சிப்பிக்குள்ள முத்தப் போட்டு, கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிகினு, அவங்க புள்ளைங்களோட வெளையாடுது."

"முத்துலயா கிலுகிலுப்பை? உப்பு வண்டிக்காரன் புள்ளைக்கா?" பாட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்து ஓய்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "அது சரி, அது பொட்டைக் குரங்கா, ஆண் குரங்கா?"

பெண் விழித்தாள். "தெரியிலயே ஆயா. இரு" என்று மறுபடியும் புத்தகத்தின்மேல் குனிந்து, விரலை வைத்துக்கொண்டு, வரியின் ஆரம்பத்துக்குப் போனாள்.